மதர்போர்டு மாத்தின கதை: திருவதிகையில் ஒரு டி.டி.பி. கடை

போன எபிசோடு வெளியான பிறகு நேயர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிஞ்சுபோச்சு. என் டெஸ்க்டாப் விண்டோஸ் 11-ஐ ஏத்துக்க மாட்டேங்குது. மதர்போர்டையும் பிராசஸரையும் மட்டும் மாத்தினா போதுமா, இல்ல மொத்தமா புதுசு வாங்கணுமா?"

பதில் சின்னதுதான். மாத்தலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. அந்த வேலையைச் செய்யாம விட்டதால என்ன ஆச்சுன்னு எங்க ஊர்க் கதை ஒன்னு சொல்றேன். அதுல தமிழ்நாட்டு அசெம்பிள்டு கம்ப்யூட்டரோட வரலாறும் பாதி வந்துடும்.

எங்க ஊர் திருவதிகை. பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுல இறங்கினா நடந்தே வந்துடலாம். கெடில நதிக் கரை. அப்பர் முதல் பதிகம் பாடி சூலை நோய் தீர்ந்த வீரட்டானேஸ்வரர் கோயில் இங்கதான். வெளியூர்க்காரங்களுக்குப் பண்ருட்டின்னா பலாப்பழமும் முந்திரியும். எங்க மாமாவுக்கு அச்சகம். ட்ரெடில் மெஷின், ஈய எழுத்து, அச்சுக் கோக்கிற பெட்டி எல்லாம் வெச்சு ரொம்ப நாள் ஓட்டினார். 1998-ல ஈய எழுத்தை ஓரம்கட்டிட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, சித்திரைச் சதயம் அப்பர் குருபூஜை அழைப்பிதழ், முந்திரி மண்டிக்கு பில் புக்கு, தேர்தல் வந்தா நோட்டீஸ். டைப் அடிச்சது எங்க அம்மா. அவங்க தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவங்க.

அந்த முதல் மெஷின் பென்டியம் எம்.எம்.எக்ஸ். 166 மெகாஹெர்ட்ஸ், 32 எம்.பி. ராம், 4.3 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். புதுச்சேரியில ஹெச்.சி.எல். கம்ப்யூட்டர் தொழிற்சாலையே இருந்தது, எங்க ஊர்லேர்ந்து கூப்பிடு தூரம்தான். ஆனா மாமா வாங்கினது கம்பெனி மெஷின் இல்ல, அசெம்பிள்டு. விலை வித்தியாசம் அப்படி.

அசெம்பிள்டுன்னு ஒன்னு எப்படி வந்தது? 1981 ஆகஸ்ட் 12-ல ஐ.பி.எம். தன்னோட பி.சி.யை வெளியிட்டது. சீக்கிரம் செஞ்சு முடிக்கணும்னு, பிராசஸரை இன்டெல்கிட்டயும் ஆபரேட்டிங் சிஸ்டத்தை மைக்ரோசாஃப்ட்கிட்டயும் வெளியில வாங்கினாங்க. 4.77 மெகாஹெர்ட்ஸ் 8088 சிப்பு, ஒரு பெரிய போர்டு, அதுல கார்டு சொருக அஞ்சு ஸ்லாட்டு. உள்ள இருக்கிற சர்க்யூட் படத்தையும் புத்தகமா போட்டு வித்தாங்க. அவங்களுக்கே சொந்தம்னு இருந்தது பயாஸ் மட்டும்தான். அதையும் காம்பாக் கம்பெனி நகலெடுக்காம, அது என்ன செய்யுதுன்னு பார்த்துப் பார்த்துத் தனியா எழுதிடுச்சு. பூட்டு திறந்தாச்சு. அதுக்கப்புறம் தைவான்ல யாரு வேணும்னாலும் போர்டு அடிக்கலாம், ஊர்ல யாரு வேணும்னாலும் அதைப் பெட்டியில மாட்டலாம்.

இந்தியாவுல கதவு கொஞ்சம் கொஞ்சமா திறந்தது. 1984 நவம்பர்ல வந்த புதிய கம்ப்யூட்டர் கொள்கை பாகங்கள் இறக்குமதியைத் தளர்த்துச்சு. 1997-ல தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்துல இந்தியா சேர்ந்த பிறகு இந்தப் பொருள்களுக்கான சுங்க வரி படிப்படியா பூஜ்யத்தை நோக்கி இறங்குச்சு. சென்னையில அதோட வாசல் ரிச்சி தெரு. அண்ணா சாலையிலேர்ந்து உள்ள நுழைஞ்சா ரேடியோ சாமான், ஸ்பீக்கர், டேப் ரெக்கார்டர் மோட்டார்னு வித்துக்கிட்டிருந்த சந்துகள், தொண்ணூறுகள்ல போர்டும் ராமும் விக்க ஆரம்பிச்சுது. கடலூர், சிதம்பரம், பண்ருட்டி பக்கத்துக் கடைக்காரங்க ராத்திரி பஸ் ஏறி, காலையில ரிச்சி தெருவுல வாங்கி, மடியில வெச்சு எடுத்துக்கிட்டு சாயங்காலம் ஊர் திரும்புவாங்க. பாண்டிச்சேரியில வரி கம்மின்னு அங்க போறவங்களும் உண்டு.

மாமா மெஷின்ல இருந்தது ஏ.டி. வகை போர்டு. பவர் சப்ளையிலேர்ந்து ரெண்டு கனெக்டர் வரும், பக்கத்துப் பக்கத்துல சொருகணும். இடம் மாத்தியும் சொருக முடியும். அப்படிச் சொருகினா போர்டு புகைஞ்சு போகும். அதனால மெக்கானிக்குங்க எல்லாருக்கும் ஒரு மந்திரம்: "கருப்பும் கருப்பும் நடுவுல." ரெண்டு கனெக்டர்லயும் இருக்கிற கருப்பு ஒயர் நடுவுல சேர்ந்திருக்கணும். எனக்குக் கம்ப்யூட்டர்ல முதல்ல தெரிஞ்ச விஷயமே இதுதான். மாமா கடைக்கு வந்த மெக்கானிக் அண்ணன் சொல்லிக்கொடுத்தது. 1995-ல இன்டெல் கொண்டு வந்த ஏ.டி.எக்ஸ். அமைப்புல ஒரே கனெக்டர், தப்பா சொருகவே முடியாது. மந்திரத்துக்கு வேலை இல்லாம போச்சு.

இப்ப 2003-க்கு வருவோம். எனக்கு அப்போ பத்தொன்பது வயசு, பாலிடெக்னிக்ல படிச்சுக்கிட்டிருந்தேன். எல்லாம் தெரியும்னு நினைச்சுக்கிட்டிருந்த வயசு. மாமா கடை மெஷின் ரொம்ப மெதுவா போச்சு, அடிக்கடி நின்னுச்சு. "பிராசஸரை மட்டும் மாத்தினா போதும் மாமா, நானே பண்றேன்"னு சொன்னேன்.

கோவணத்தை எலி கடிக்குதுன்னு பூனை வளர்த்து, பூனைக்குப் பாலுக்காகப் பசு வாங்கி, பசுவைப் பார்த்துக்கக் கல்யாணம் பண்ணிக்கிட்ட சாமியார் கதை உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர்ல பிராசஸர் மாத்துறது அதேதான். புது பிராசஸர் பழைய சாக்கெட்டுல உட்காராது. பென்டியம் எம்.எம்.எக்ஸ்-க்கு சாக்கெட் 7. பென்டியம் 2-க்கு நெட்டுக்குத்தா நிக்கிற ஸ்லாட் 1. அப்புறம் சாக்கெட் 370. 2003-ல கடையில கிடைச்சது பென்டியம் 4, அதுக்கு சாக்கெட் 478. ஆக, போர்டு மாத்தணும். போர்டு மாத்தினா பழைய ராம் சேராது. புது போர்டு ஏ.டி.எக்ஸ்., பழைய பெட்டியில நிக்காது, பெட்டி மாத்தணும். பென்டியம் 4-க்குத் தனியா நாலு பின் 12 வோல்ட் கனெக்டர் வேணும், பவர் சப்ளை மாத்தணும். கடைசியில பழசுல மிஞ்சினது மானிட்டர், கீபோர்டு, ஃப்ளாப்பி டிரைவ், ஹார்ட் டிஸ்க். காசு அதுக்கு மேல இல்ல.

ரிச்சி தெரு போய் 845 சிப்செட் போர்டு வாங்கிட்டு வந்தேன். கடைத் திண்ணையில பேப்பர் விரிச்சு மாட்டினேன். இந்த வேலையைச் செய்யறவங்களுக்கு ஒரு வார்த்தை: பெட்டியோட தகட்டுக்கும் போர்டுக்கும் நடுவுல பித்தளைத் திருகு முட்டு வரும். போர்டுல ஓட்டை எங்க இருக்கோ அங்க மட்டும்தான் அது இருக்கணும். ஒன்னு கூடுதலா நின்னாலும் போர்டோட அடியில ஷார்ட் ஆகும். பிராசஸரோட மூலையில ஒரு சின்ன முக்கோணம் இருக்கும், சாக்கெட்டுல இருக்கிற குறியோட அதைப் பொருத்தி, நெம்புகோலைத் தூக்கிட்டு வெச்சா அதுவா உள்ள விழும். அழுத்தவே கூடாது. மேல பேஸ்ட், அதுக்கு மேல ஹீட் சிங்க், ஃபேன். எல்லாம் சரியா செஞ்சேன். சுவிட்சைப் போட்டதும் ஒரு பீப். அந்த பீப் சத்தம் கேட்டப்ப இருந்த பெருமை இன்னிக்கும் ஞாபகம் இருக்கு.

அந்தப் பெருமையில, பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே மாட்டி, புதுசா வந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பியைப் போடலாம்னு பார்ட்டிஷனை அழிச்சேன். புதுசா பிரிச்சு, ஃபார்மேட் அடிச்சு, எக்ஸ்பி ஏத்தினேன். பத்திரிகை ஃபைல் எல்லாம் ஃப்ளாப்பியில இருக்குன்னு மாமா எப்பவோ சொல்லியிருந்தார். அதைத் திரும்ப ஒரு தடவை கேட்கலை.

கல்யாணப் பத்திரிகைகள் ஃப்ளாப்பியில இருந்தது உண்மைதான். இல்லாதது வேற ஒன்னு. ஊர்ல ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருத்தர் இருந்தார், தேவாரம் பாடுவார். திருவதிகையைப் பத்தி நோட்டுப் புத்தகத்துல எழுதிக்கிட்டே வந்திருந்தார். எந்தத் தெருவுக்கு முன்னாடி என்ன பேரு, திருவிழாவுல யாரு எந்த வாகனம் தூக்கினாங்க, கெடிலத்துல வெள்ளம் வந்தப்ப எதுவரைக்கும் தண்ணி நின்னுச்சு, இந்த மாதிரி. அதைப் புத்தகமா போடணும்னு மாமாகிட்ட கொடுத்தார். வேலை இல்லாத மத்தியானங்கள்ல அம்மா கொஞ்சம் கொஞ்சமா அடிச்சாங்க. ரெண்டு வருஷ வேலை. அடிச்ச நோட்டை எல்லாம் திருப்பிக் கொடுத்தாச்சு. அவர் 2002-ல காலமாயிட்டார், வீட்டை வித்துட்டாங்க, நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போயிடுச்சு. மிஞ்சினது சி டிரைவ்ல அம்மா வெச்சிருந்த அந்த ஒரு ஃபோல்டர்தான்.

அம்மா கடைக்கு வந்து ரெண்டு மூணு தடவை தேடினாங்க. "வாத்தியார் ஃபைல் எங்கடா?"ன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்லலை. திட்டவும் இல்ல அவங்க. அன்னிக்கு சீக்கிரம் வீட்டுக்குப் போயிட்டாங்க.

மாமாதான் ராத்திரி சொன்னார். "ஏன்டா, கோயில்ல திருப்பணின்னா எடுத்தவுடனே கருவறையிலயா கை வைக்கிறாங்க? பாலாலயம் பண்ண மாட்டாங்க?"

பாலாலயம் தெரியாதவங்களுக்காக: கோயிலைப் புதுப்பிக்கிறதுக்கு முன்னாடி, மூலவரோட சக்தியைக் கும்பத்துல ஆவாகனம் பண்ணி, மரப் பலகையிலயோ படத்திலயோ எழுந்தருளச் செஞ்சு, தனியா ஒரு இடத்துல வெச்சு பூஜை நடத்துவாங்க. வேலை முடிஞ்சு கும்பாபிஷேகம் ஆகிறவரைக்கும் சாமி அங்கதான். அதுக்கு அப்புறம்தான் கல்லுல உளி படும். என் தலைமுறை பேக்கப்புன்னு ஒரு வார்த்தையைக் கத்துக்கிட்டது, செய்யக் கத்துக்கலை. எங்க ஊருக்குப் பழசை எடுத்துப் புதுசு கட்டுறதும் புதுசு இல்ல. பல்லவ மன்னன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடிச்சு, அதைக் கொண்டுவந்து திருவதிகையில குணதரவீச்சரம் எடுத்தான்னு பெரியபுராணம் சொல்லுது. பாடலிபுத்திரம்னா இன்னிக்குக் கடலூர்ல இருக்கிற திருப்பாதிரிப்புலியூர். அந்தப் பள்ளியில என்னென்ன சுவடி இருந்ததுன்னு எனக்கு யோசனை போகும், மாமாவுக்குப் போகாது.

பிரச்சினை அதோட முடியலை. ஃப்ளாப்பியில இருந்த பத்திரிகை ஃபைல்களையும் திறக்க முடியலை. காரணம், அன்னிக்குத் தமிழ் கம்ப்யூட்டர்ல இருந்த விதம்.

அப்போ தமிழ் எழுத்துரு ஒவ்வொன்னும் ஒரு தனி நாடு. ஒரு கம்பெனி ஃபான்ட்ல அடிச்சதை இன்னொரு கம்பெனி ஃபான்ட்ல திறந்தா குறியும் கோடுமா வரும். இதைச் சரி பண்ணத்தான் 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. டாம், டாப்னு குறியீட்டு முறையும், தமிழ் 99 விசைப்பலகையும் அதுல வந்தது. யூனிகோடு தமிழ் விண்டோஸ் 2000-லயே உள்ள வந்துடுச்சு. ஆனா பத்திரிகை அடிக்கிற கடைகளுக்கு அது எதுவும் வந்து சேரலை. பேஜ்மேக்கர்ல யூனிகோடு தமிழ் ஓடாது. அம்மாவோட விரலும் டைப்ரைட்டர் முறைக்குப் பழகினது. 2010 ஜூன்ல கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்துலதான் யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தமிழ்நாடு அரசு தரமா அறிவிச்சது. அதுக்கப்புறமும் பல வருஷம் டி.டி.பி. கடைகள் பழசுலயே ஓடுச்சு. இன்னிக்கும் ஓடுது.

மாமா வாங்கியிருந்த தமிழ் மென்பொருளுக்கு ஒரு பூட்டு உண்டு. டாங்கிள்னு சொல்வாங்க. தீப்பெட்டி அளவுல ஒரு சின்னப் பெட்டி, கம்ப்யூட்டர் பின்னாடி பிரிண்டர் மாட்டுற 25 பின் போர்ட்டுல சொருகியிருக்கும். அது இருந்தாதான் எழுத்து வரும். அதுக்கான டிரைவர் விண்டோஸ் 98-க்கு எழுதினது. எக்ஸ்பி அதைக் கண்டுக்கவே இல்ல. புது போர்டு, புது பிராசஸர், எட்டு பத்து மடங்கு வேகம், ஆனா ஒரு 'அ' அடிக்க முடியலை. மூணு நாள் கடை பூட்டியிருந்தது. கடைசியில எக்ஸ்பியை எடுத்துட்டு, பென்டியம் 4 மேல விண்டோஸ் 98-ஐயே போட்டேன். ஒரு வாரத்துல மூணாவது தடவை பிரிச்சு மாட்டின பிறகு பழையபடி கல்யாணப் பத்திரிகை வந்தது.

எக்ஸ்பியைப் பத்தி இங்க ஒன்னு சொல்லணும். 2001-ல அது வந்தப்பதான் ஆக்டிவேஷன் வந்தது. மெஷினோடவே வர்ற விண்டோஸ் லைசென்ஸுக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு கணக்கு வெச்சிருக்கு: ராம், டிஸ்க், டிஸ்ப்ளே கார்டு எதை வேணும்னாலும் மாத்துங்க, அது அதே கம்ப்யூட்டர்தான். மதர்போர்டை மாத்தினா அது வேற கம்ப்யூட்டர். எங்க அம்மாவைக் கேட்டிருந்தா அந்த ஃபோல்டர்தான் கம்ப்யூட்டர்னு சொல்லியிருப்பாங்க. மத்ததெல்லாம் தகரமும் ஒயரும்.

அந்த 845 போர்டும் ரொம்ப நாள் நிக்கலை. 2006-ல மெஷின் தானா அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சது. திறந்து பார்த்தா பிராசஸர் பக்கத்துல இருந்த கெபாசிட்டர் நாலும் தலை உப்பி, மேல பழுப்பா கசிஞ்சிருந்தது. எங்க கரண்டு சரியில்லன்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சது, அது உலகம் முழுக்க வந்த வியாதி. 1999-லேர்ந்து சில வருஷம் தயாரான எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள்ல பலதுல உள்ள இருக்கிற திரவம் சரியில்ல. வாயு உண்டாகி உப்பி வெடிச்சது. டெல் கம்பெனி இதுக்காக 2005-ல மட்டும் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. எங்களுக்கு ஆன செலவு நாலு கெபாசிட்டரும் கொஞ்சம் ஈயமும். ரேடியோ ரிப்பேர் பண்ற பெரியவர் பத்தவெச்சுக் கொடுத்தார். போர்டையே மாத்தணும்னு சொன்ன எனக்கு அவர் ஒரு பார்வை பார்த்தார்.

அடுத்தது 2011 டிசம்பர் 30. தானே புயல். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலா மரமும் முந்திரியும் வேரோட சாய்ஞ்சது, பெரியவங்க பலர் இன்னும் அந்தக் காலையைப் பத்திப் பேசும்போது குரல் மாறும். கரண்டு கம்பம் எல்லாம் போச்சு. வாரக் கணக்குல இருட்டு. கரண்டு திரும்பி வந்தப்ப ஏறி இறங்கி வந்தது, அந்த வருஷம் முழுக்க மின்வெட்டு வேற. 2012-ல போர்டு செத்துப் போச்சு. இந்தத் தடவை சாக்கெட் 478 போர்டு புதுசா கிடைக்கலை. ரிச்சி தெருவுல ஜி31 சிப்செட் போர்டு ஒன்னு தேடினேன். வேகத்தைப் பார்க்கலை, பின்னாடி 25 பின் போர்ட் இருக்கான்னு பார்த்தேன். கடைக்காரர் சிரிச்சார். "இன்னுமா சார் அதை யூஸ் பண்றீங்க?"

அந்தத் தடவை முதல்ல டிஸ்க்கை வெளிய எடுத்து, வேற மெஷின்ல மாட்டி, முழுசா ரெண்டு காப்பி எடுத்தேன். ஒன்னு மாமா வீட்டு பீரோவுல. ஒவ்வொரு ஃபைலா திறந்து படம் சரியா வருதான்னு பார்த்த பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டேன். மாமா பின்னாடி நின்னு, "பாலாலயம் ஆச்சா?"ன்னு கேட்டார். அதுக்கு அப்புறம் எந்த மெஷினைத் தொட்டாலும் எங்க வீட்டுல அந்தக் கேள்விதான்.

நேயருக்குச் சொல்ல வேண்டியது இப்ப சொல்லிடறேன். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேணும், இன்டெல்னா எட்டாம் தலைமுறையோ அதுக்கு மேலயோ வேணும். உங்க பழைய போர்டுல அந்த பிராசஸர் உட்காராது. ஆக ரெண்டும் மாறணும், டி.டி.ஆர். 3 ராம் இருந்தா அதுவும் மாறணும். பெட்டி நல்லா இருந்தா வெச்சுக்கலாம், பவர் சப்ளை பத்து வருஷம் ஆயிருந்தா வேண்டாம். ஆனா உங்க வீட்டுல பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்ச எதுவாவது இருந்தா, அதைத் திறக்கிற மென்பொருள் பழைய மெஷின்ல ஓடும்போதே யூனிகோடுக்கு மாத்திடுங்க. பி.டி.எஃப்-ஆவாவது எடுத்து வையுங்க. 64 பிட் விண்டோஸ்ல பழைய 16 பிட் மென்பொருள் ஓடவே ஓடாது. புது போர்டுகள்ல 25 பின் போர்ட் தேடினாலும் கிடைக்கிறது கஷ்டம்.

கடையை 2019-ல மூடினோம். மாமாவுக்குக் கண் சரியில்ல. ஈய எழுத்துப் பெட்டிகளைக் காலி பண்ணும்போது, ஒரு அறைக்குள்ள சுருட்டி வெச்ச பட்டர் பேப்பர் கிடைச்சது. பிளேட் போடறதுக்காக லேசர்ல எடுக்கிற தாள். பிரிச்சா, ஒன்பது பக்கம், வாத்தியாரோட எழுத்து, அம்மா அடிச்சது. புத்தகம் எப்படி வரும்னு பார்க்க மாமா 2000-லயோ 2001-லயோ எடுத்த சாம்பிள். அறுபது பக்கத்துக்கு மேல இருந்ததுல அந்த ஒன்பது.

அம்மாகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, "இங்க ஒரு ஒற்று விட்டுப்போச்சு"ன்னாங்க. சாயங்காலம் உட்கார்ந்து யூனிகோடுல அடிச்சோம், அவங்க வாசிக்க நான் அடிச்சேன். கடைசிப் பக்கம் கெடில வெள்ளத்தைப் பத்தினது. அன்று இரவு தண்ணீர் மேலத் தெருவில் இருந்து, அப்படின்னு வந்து தாள் முடிஞ்சுடுது.